பதினொன்றாவது கம்பம்

கையடக்க டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு, மிஸ்ட் என்று நாங்கள் சொல்கிற மூடுபனி இறங்கி வருகிற நேரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நான் நின்றிருந்தேன். டிரான்சிஸ்டரில் பாட்டு இல்லை, செய்தியும் இல்லை. வாணலியில் ஈர மிளகாயைப் போட்டது போல ஓர் இரைச்சல் மட்டும்தான்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"எஞ்சினியரம்மா, என்னா தேடுறீங்க? கம்மல தொலைச்சிட்டீங்களா?"

கேட்டது பாக்கியம். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவள். அவள் வாய்க்கு எஸ்டேட்டே பயப்படும்.

"கம்மல் இல்லடி. ஊட்டுல பாட்டு சரியா எடுக்கலயாம். மேட்டுல நின்னா எடுக்கும்னு வந்திருக்காங்க" என்றாள் இன்னொருத்தி. நிரை முழுக்கச் சிரிப்பு.

வேறு ஒரு நாளாக இருந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பேன். நாலு பேர் முன்னால் நிற்க எனக்கு வராது. கடைக்குப் போனால்கூட வேண்டியதைக் கையால்தான் காட்டுவேன். கடைக்காரர் நான் ஊமை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாராம்.

அன்று ஓடவில்லை. எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரரும் எலக்ட்ரீஷியன் பீட்டரும் நின்றிருந்தார்கள். அன்று சனிக்கிழமை. அந்த இரைச்சல் எந்தக் கரண்டுக் கம்பத்திலிருந்து வருகிறது என்று அன்றைக்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திங்கட்கிழமை எங்கள் ஃபேக்டரியை மூடிவிடுவார்கள்.

அந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செம்புக் கம்பிக்கு வாக்கப்பட்டது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் கோயமுத்தூரில் எஞ்சினியரிங் படித்தவர். கல்யாணம் ஆகிக் குன்னூருக்கு வந்தபோது அவர் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் எஞ்சினியர். அதற்கு முன்னால் ஒரு பவர்ஹவுஸில் சில வருடம் இருந்திருக்கிறார். அங்கே தூக்கிப்போட்ட பழைய வால்வுகளை வைத்துத்தான் முதல் ரேடியோப் பெட்டியைச் செய்தாராம்.

குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது கட்டிலை இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஒரு செம்புக் கம்பியை. வெளியே எட்டிப் பார்த்தால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அது இழுத்துக் கட்டியிருந்தது.

"துணி காயப்போடறதுங்களா?" என்று கேட்டேன். கல்யாணமாகி நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அதுல துணியப் போட்டீன்னா ஆஸ்திரேலியாக்காரனுக்கு என்ற குரல் கேக்காது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் மைக்கைப் பிடித்து ஏதோ எழுத்தும் எண்ணும் சொல்லிக் கூப்பிட்டார். சித்த நேரத்தில் எங்கேயோ இருந்து ஒரு குரல் திரும்பப் பேசியது. அமெச்சூர் ரேடியோ என்பது அதற்குப் பெயர். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கினால் பேருக்குப் பதிலாகச் சில எழுத்துகளும் எண்ணும் கொடுப்பார்கள். உலகம் பூராவும் இப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. பேசியதற்கு அடையாளமாகத் தபாலில் கார்டு அனுப்பிக்கொள்வார்கள். பிஸ்கட் டின்களில் அடுக்கி அடுக்கி, எங்கள் வீட்டில் அரிசி டின்னை விடக் கார்டு டின்தான் அதிகம்.

முகம் காட்டாமல் பழகுகிற அந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அவர் வேலைக்குப் போனபின் ரேடியோவைக் கேட்கிற வேலை எனக்கு வந்தது. பேச்சு மட்டுமில்லை, 'டிட் டா' என்று தந்தி மாதிரியும் கூப்பிடுவார்கள். அவருடைய எழுத்துகள் அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். கேட்டால் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியாத நான், அந்த டிட் டாவை மட்டும் கருவேப்பிலை உருவிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன்.

மிக்ஸிக்குத் தடை

இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இது புரியும். மிக்ஸி போட்டால் அவர் ரேடியோவில் கரகரவென்று வரும். டியூப் லைட் போட்டால் ஒரு மாதிரி முனகும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சரம்மா இஸ்திரிப் பெட்டி போட்டால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு.

"சட்னியை நிறுத்து!" என்று முன்னறையிலிருந்து சத்தம் வரும். அவர் பேசி முடிக்கும் வரை எங்கள் வீட்டில் சட்னி கிடையாது. கடைசியில் மிக்ஸியைப் பரண் மேல் போட்டுவிட்டு அம்மிக்கே திரும்பிவிட்டேன்.

இதில் ஒன்று நடந்தது. வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, எந்தச் சாமான் எப்படிக் கத்தும் என்று எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

ஒரு தடவை ஊட்டியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் அவருடைய ரேடியோ சிநேகிதர்கள் வந்து, பெர்ன்ஹில் பக்கம் ஒரு புல்மேட்டில் பிக்னிக் வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பீப் பீப் என்று அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்றை ஒருத்தர் புதரில் ஒளித்து வைப்பார். மற்றவர்கள் ரேடியோவை வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

எட்டு ஆண்கள் ரேடியோவும் ஏரியல் கம்பியுமாகப் புறப்பட்டார்கள். எல்லாருடைய ரேடியோவும் முழுச் சத்தத்தில் அலறியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி அலறினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஒதுக்குப்புறமாக என் டிரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று எப்போதும் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பேன். பாட்டுக்குள் பீப் பீப் வந்தது. கொஞ்சம் நடந்தேன், பெரிதாகக் கேட்டது. கூச்சமாகி இன்னும் குறைத்தேன். மறுபடி நடந்தேன், மறுபடி பெரிதானது, மறுபடி குறைத்தேன். கடைசியில் ஒரு யூகலிப்டஸ் மரத்தின் அடிக்கட்டைக்கு வந்து சேர்ந்தேன். பின்னால் பெட்டி இருந்தது.

எட்டு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு எப்படிச் சொல்வது? கட்டையின் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்துப்போய் வந்து சேர்ந்தார்கள்.

"சிஸ்டர், சித்த எந்திரிங்க, பெட்டி இங்கதான் எங்கியோ இருக்குது."

"தெரியுமுங்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மேய்ந்த குதிரை மிரண்டது.

விலை விழுந்த காலம்

பிறகு தேயிலை விலை விழுந்த வருடங்கள் வந்தன. நீலகிரிக்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டாம். ஜெகதளாப் பக்கம் பறிக்க ஆளில்லாமல் விட்ட செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. ஒரு ஃபேக்டரி சங்கு நின்றது, பிறகு இன்னொன்று. வாலிபப் பிள்ளைகள் திருப்பூர் பஸ்ஸில் ஏறினார்கள். எங்கள் எஸ்டேட்டில் ஜெனரேட்டருக்கு டீசல் நின்றது, ஸ்டோருக்குச் சாமான் வருவதும் நின்றது.

அந்த நேரம் பார்த்து, மத்தியானமானால் ஃபேக்டரியில் கரண்ட் போக ஆரம்பித்தது. ஊர் பூராவும் போகிற கரண்ட் இல்லை. மெயின் லைனிலிருந்து எங்கள் ஃபேக்டரிக்குத் தனியாக ஒரு லைன், எஸ்டேட்டின் சொந்த லைன், சரிவில் இறங்கி வருகிறது. அதில் மட்டும் போகும். அரைத்த இலை டிரையருக்குப் போகாமல் காத்துக் கிடந்தால் புளித்துப்போகும். அந்தத் தூளை யார் வாங்குவார்கள்? விழுந்த விலையில் நம் தூளுக்கு இன்னும் ஒரு படி கீழே.

அவர் ஒவ்வொரு மோட்டாராகக் கழற்றிப் பார்த்தார். லைனையும் சோதித்தார். சோதிக்க வேண்டுமென்றால் லைனை நிறுத்த வேண்டும். இலை வந்து சேராத காலை நேரத்தில்தான் நிறுத்த விடுவார்கள். காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும். மீட்டரில் எல்லாமே சரி என்று காட்டும். மத்தியானம் மிஸ்ட் இறங்கும், மறுபடி கரண்ட் போகும்.

கோயமுத்தூரிலிருந்து முதலாளி வந்தார். ஃபேக்டரி வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"எஞ்சினியரே, இத்தன வருச சர்வீசுல ஒரு ஃபால்ட்டு புடிக்க முடியலீங்களா? வர்ற திங்கக்கெழம நான் வருவேன். அன்னைக்கும் இலை புளிச்சுதுன்னா ஃபேக்டரிய மூடிப்போட்டு பச்சை இலையா வித்துக்கறேன். நீங்களும் ஊட்டக் காலி பண்ணிக்கலாம்."

அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். அன்று மைக்கைத் தொடவில்லை. இத்தனை வருடத்தில் மைக்கைத் தொடாத நாளை நான் பார்த்ததே இல்லை.

"இப்பப் போயிரும்ங்க"

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. சில வாரங்களாக மத்தியானத்தில் ரேடியோவில் ஒரு புதுச் சத்தம் வந்தது. மிக்ஸி இல்லை, டியூப் லைட் இல்லை, டீச்சரம்மாவின் இஸ்திரியும் இல்லை. ஈர மிளகாய் பொரிகிற மாதிரி, மெல்லிசாக. அது வந்து அரை மணி நேரத்துக்குள் கரண்ட் போய்விடும். கரண்ட் போன நொடியே அதுவும் நின்றுவிடும்.

முன்பே ஒரு தடவை அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் கேக்கலயே" என்றுவிட்டார். எஞ்சினியரே இல்லை என்கிறபோது நான் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரம் வியாழக்கிழமை மறுபடி சொன்னேன்.

"ஏனுங்க, கரண்ட் போறதுக்கு மின்னாடி ரேடியோ கத்துதுங்க."

"மிக்ஸி போட்டிருப்பே."

"மிக்ஸி பரண்ல ஏறி ஆறு வருசமாச்சுங்க."

அவர் என்னையே பார்த்தார். எழுந்து போய் ஹெட்போனை மாட்டினார். மிஸ்ட் ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம். ஹெட்போனிலிருந்து கசிந்த இரைச்சல் தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவர் திருகினார், மறுபடி திருகினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குக் கேக்கல, ருக்கு."

இலை அரைக்கிற மெஷின்களுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற காது. தடித்த சத்தம் எல்லாம் கேட்கும். மெல்லிய சத்தம் போய்விட்டிருந்தது. தந்திச் சத்தத்தைத் தடிமனாக வைத்து, வால்யூமைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான். லைனிலிருந்த கோளாறு தினம் அவர் ரேடியோவிலேயே வந்து கத்தியிருக்கிறது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

"எனக்குக் கேக்குதுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை அவர் ஃபேக்டரியில் இருந்தார். இரைச்சல் வந்து, தடித்து, பிறகு தாறுமாறாக வெடிக்கத் தொடங்கியதும் நான் எஸ்டேட் போனைச் சுழற்றினேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் போனை நான் தொட்டதே இல்லை.

"ஏனுங்க, இப்பப் போயிரும்ங்க."

"யாரு?"

"நாந்தானுங்க. இப்பப் போயி…"

போய்விட்டது. போனுக்குள்ளிருந்து மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. பிறகு அவர் குரல், சிறுபிள்ளை மாதிரி: "ருக்கு! அங்கியே இரு, நான் வர்றேன்!"

கம்பத்துக்குக் கம்பம்

அப்படித்தான் சனிக்கிழமை மத்தியானம் நான் தேயிலைக்கு நடுவே நின்றது. லைனில் பத்தொன்பது கம்பம். ஒவ்வொன்றின் உச்சியிலும் கம்பியைத் தாங்குகிற பீங்கான். அதில் ஒன்று விரிந்திருக்க வேண்டும், மிஸ்ட் ஈரம் விரிசலில் ஏறும்போது கரண்ட் கசிகிறது, வெயில் வந்தால் காய்ந்துவிடுகிறது என்றார் அவர். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. பத்தொன்பதிலும் ஏறிக் கழற்றிப் பார்க்க ஞாயிறு ஒரு நாள் போதாது.

கஷ்டம் என்னவென்றால் ஸ்டோரில் மிச்சமிருந்த புதுப் பீங்கான் ஒன்றே ஒன்று. தப்பான கம்பத்தைக் காட்டினால் அதோடு முடிந்தது. கரண்ட் போய்விட்டால் இரைச்சலும் போய்விடும் என்பதால் நேரமும் அரை மணிதான்.

இரைச்சல் கம்பி நெடுக ஓடும். எந்தக் கம்பத்தடியில் நின்றாலும் கேட்கும். பீட்டர், ஊட்டி காந்தலிலிருந்து தினம் வருகிறவர், பொறுமை இல்லாத மனுஷர்.

"சத்தத்தக் கூட்டி வையுங்கம்மா! நானும் கேக்கறேன்."

நான் குறைத்தேன். அடுத்த கம்பம். கேட்டது. இன்னும் குறைத்தேன். பெண்கள் சிரிப்பது பின்னாலேயே வந்தது. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. குறைத்துக்கொண்டே போனேன். பத்தாவதில் டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட ஊமை. பதினொன்றாவதில், திருகு கடைசிப் பல்லில் இருக்கும்போதும், அது பல்லைக் கடிப்பது போலக் கேட்டது. பன்னிரண்டாவதற்குப் போனேன், ஒன்றுமில்லை. பதினான்கு வரை நடந்தேன், ஏதோ ஓர் ஈ சுற்றுகிற மாதிரி லேசாக. திரும்பிப் பதினொன்றுக்கு வந்தேன்.

"இதுதாங்க."

"ருக்கு, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. பத்தா, பதினொண்ணா? நல்லாக் கேட்டுச் சொல்லு."

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கூடையோடு கீழே இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். ஃபேக்டரி போனால் அவர்களுக்கும் வேலை இல்லை, அது அவர்களுக்கும் தெரியும்.

"பதினொண்ணுங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. சொல்லி முடிக்கவில்லை, இரைச்சல் கத்தரித்தது போல நின்றது. கீழே ஃபேக்டரியும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை லைனை நிறுத்தி, பீட்டர் ஏணி வைத்து ஏறினார். கழற்றிய பீங்கானைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"என்னய்யா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சார், அடியில மயிரிழையாட்டம் ஒரு விரிசலு. உள்ள பூரா கருகிக் கெடக்குது." பிறகு என்னைப் பார்த்து, "யம்மா, உங்களுக்குக் காதா, எக்ஸ்ரேயா?"

பாக்கியம் வந்து அந்தப் பீங்கானை வாங்கிப் பார்த்தாள். "இந்தச் சனியனா நம்ம வயித்துல அடிச்சிச்சு?" என்று ஒரு திட்டுத் திட்டினாள். அதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

திங்கட்கிழமை

விரிசலைப் பார்த்தாயிற்று. ஆனாலும் மிஸ்ட் வந்தும் கரண்ட் போகாமல் இருந்தால்தான் நிஜம்.

முதலாளி உச்சிப்பொழுதுக்கே வந்து டிரையர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னையும் வரச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். நான் இலை மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்.

இரண்டு மணிக்கு எதிர்மலை காணாமல் போனது. இரண்டரைக்கு வாசல் சில்வர் ஓக் மரம் போனது. மிஸ்ட் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்தது. அன்று அது எப்போதையும் விடக் கெட்டி. எல்லார் கண்ணும் கூரையில் தொங்கிய குண்டு பல்பின் மேல். வேலையை யாரும் நிறுத்தவில்லை, ஆனால் யாரும் கீழே பார்க்கவும் இல்லை.

மூன்று மணி. பல்பு அசையவில்லை.

மூன்றரை. மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தூள் டிரையருக்குள் போய், மறுபக்கம் கறுப்பாக, சூடாக, வாசனையாக வந்து விழுந்தது. அந்த வாசனையை வாரக்கணக்கில் நாங்கள் மறந்திருந்தோம்.

நாலரைக்குக் கடைசித் தூளும் வந்தது. பாக்கியம் நாக்கை மடித்துக் குலவை போட்டாள். பின்னாலேயே எல்லாரும். மெஷின் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

முதலாளி எழுந்து வந்து ஒரு பிடி தூளை அள்ளி முகர்ந்தார். எத்தனை கடுமையான மனுஷர்! அவர் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"எஞ்சினியரே, எந்த மீட்டருல புடிச்சீங்க?"

என் வீட்டுக்காரர் கூடத்தைத் தாண்டி நடந்து வந்து, மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த என் கையைப் பிடித்து முதலாளி முன்னால் கூட்டிப் போனார்.

"மீட்டர் இல்லீங்க. எனக்குக் காது போயிருச்சு, அந்தச் சத்தம் கேக்கல. புடிச்சது என்ற சம்சாரமுங்க. அஞ்சாங்கிளாஸ்."

எத்தனை வருடம் மறைத்ததை நாற்பது ஐம்பது பேர் முன்னால் சொல்லிவிட்டார்! எனக்குக் கண் கலங்கியது. முதலாளி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, அவர் குரலில் மரியாதை வந்தது.

"அப்பறம் என்னங்கம்மா, இனிமேல் லைன்ல தொந்தரவு இல்லைங்களே?"

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஆனால் பதினான்காவது கம்பத்தில் ஈ மாதிரிக் கேட்டது எனக்கு நினைவிருந்தது. அவருக்குக் கேட்காது என்றால், நான்தானே சொல்ல வேண்டும்?

"இருக்குதுங்க" என்றேன். "பதினாலாவது கம்பமும் இப்பவே முனக ஆரம்பிச்சிருச்சுங்க. ஸ்டோருல ஒரு பீங்கான்கூட இல்லீங்க. வர்றது மழைக்காலம். ஒரு டஜன் வாங்கிப் போட்டிருங்க."

எல்லாரும் முதலாளியையே பார்த்தார்கள். மூடப்போகிற ஃபேக்டரிக்கு யாரும் பீங்கான் வாங்க மாட்டார்கள். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சைஸ் என்னங்க, எஞ்சினியரே?" என்று கேட்டார்.